அடைப்புக்குறிக்குள் நாற்பது நிமிடங்கள்

2025ஆம் ஆண்டு ஜூலை பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பதுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பைகள் சுற்றி வரும் பட்டை நின்றது. என் பை வரவில்லை. இந்தப் பயணத்தின் தொடக்கமாக அந்த நிமிடத்தைத்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

என்னுடன் வந்த இளங்கோ சார் கட்டடக் கலைஞர். மதுரையில் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறார். மின்சாரக் கட்டணம் கட்ட வழியில்லாத ஊர்களுக்கு, மின்விசிறி இல்லாமலே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கக்கூடிய பள்ளிக்கூடங்களை வரைந்து கொடுப்பவர். நான் அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்தவள் அல்லேன். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. வன்னியில் ஒரு கிராமத்துக்கு அவர் வரையவிருந்த பள்ளியைப் பற்றி அந்த ஊர்த் தாய்மார் பேசிய ஆறு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டுச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். எனக்கும் அந்தப் பள்ளிக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

நிதி தரும் நிறுவனத்தின் கொழும்பு வெள்ளவத்தை அலுவலகத்தில் சனிக்கிழமை கூட்டம். ஊரிலிருந்து இருவர் வருவார்கள். வடிவமைப்பு விளக்கத்தை நான் தமிழில் வாசிப்பேன். அவர்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுவார்கள். திங்கள் நண்பகலுக்குள் படிவம் போய்ச் சேர்ந்தால், மாரி மழைக்கு முன் அடித்தளம் போட்டுவிடலாம். சேராவிட்டால் பிள்ளைகள் இன்னும் ஒரு வருடம் தகரக் கொட்டகையில் இருப்பார்கள்.

பைகளுக்கான அலுவலர் என் பயணச்சீட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். நாளை வரலாம், நாளை மறுநாளும் வரலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் குரலில் வருத்தமும் இல்லை, அலட்சியமும் இல்லை.

"கைப்பையில என்ன இருக்கு?" என்றார் இளங்கோ சார்.

"கணினி, குறிப்பேடு, பல் துலக்கி."

"போதும். மத்ததெல்லாம் இங்க வாங்கிக்கலாம்."

அவருக்கு வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் அடுக்குமாடியில் இடம் இருந்தது. எனக்குக் கொட்டாஞ்சேனையில், துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிலோமினா அன்ரியின் வீட்டில் ஓர் அறை ஏற்பாடாகியிருந்தது. மூன்றாம் மாடி. படியேறி முடித்தபோது மணி மூன்று. மதுரையின் வெயில் தோலை மட்டும் சுடும். இங்கே காற்றே ஈரத் துணிபோல மேலே விழுந்து கிடந்தது. கதவைத் திறந்ததும் அன்ரி என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பேக் எங்க மகள்?"

"வரவில்லை."

"பேர் என்ன சொன்னீங்க?"

"தேன்மொழி."

"தேன்மொழி. ஆனா வாயைத் திறந்தா ஒரு சொல்லு தான் வருது. சரி, வாங்க. தண்ணி காலையில அஞ்சரைக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் தான் வரும். இடையில டாப்பைத் திறந்து பார்த்துக் கவலைப்படக் கூடாது."

பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். பாண் என்று இங்கே சொல்லும் அந்தப் பிரெட்டை மூன்று நாளும் மூன்று வேளையும் தின்னப்போகிறேன் என்பது அப்போது தெரியாது. எங்கள் வீட்டில் அது காய்ச்சல்காரர் உணவு. இங்கே எல்லாரும் அதை நல்ல உடல்நிலையுடன் சாப்பிட்டார்கள்.

மாலையில் அன்ரியே என்னைத் துணிக்கடைக்கு அழைத்துப் போனார். என் அளவில் ஒரே ஒரு சல்வார்தான் இருந்தது, வெள்ளை. நான் தயங்கினேன்.

"நல்லா இருக்கு மகள். ஸ்கூல் டீச்சர் மாதிரி. ஊத்தை படாமப் பாத்துக்கொள்ளுங்க, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே வேலை. அந்த ஊர் மண்ணை இயந்திரத்தில் அழுத்திச் செய்த மாதிரிக் கல் ஒன்று லொறியில் வந்து, ஜிந்துப்பிட்டியில் ஒரு பார்சல் கடையில் கிடந்தது. அதை எடுத்து இளங்கோ சாரிடம் சேர்க்க வேண்டும். சூளையில் சுடாத கல். கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்தி நிழலில் ஆற வைப்பது. தடித்த மண் சுவர் பகல் வெயிலை உள்ளே விடத் தாமதிக்கும் என்பதும், அவருடைய கட்டடங்கள் விசிறி இல்லாமல் குளிர்வதற்கு அது பாதிக் காரணம் என்பதும் நான் தட்டச்சு செய்து தெரிந்துகொண்டவை.

கடைக்காரர் சாக்குப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். விலாசத் தாளில் "மண் கல்லு, 1" என்று இருந்தது.

"இதை அங்கயிருந்து ஆக்கள் காசு குடுத்து அனுப்புறாங்க, நீங்க இந்தியாவில இருந்து வந்து எடுக்கிறீங்க. உள்ள வேற ஒண்டும் இல்லையே தங்கச்சி?"

"இல்லை. கல் மட்டும்தான்."

"அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

நான் எதிர்பார்த்ததைவிட அது கனமாக இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கல்லை வைக்க இடம் கிடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் பொட்டலத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் எனக்குத் தமிழில் சொன்னார்: "பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுதாம். அதால அரை டிக்கெட் கேக்கேல்லையாம்."

அடுத்த நிறுத்தத்தில் பள்ளி மாணவியர் மூவர் ஏறினர். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல். ஒருத்தி என்னை ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. அவள் சாக்கைப் பார்த்தாள். பிறகு பாவாடையின் ஓரத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, உடம்பை மறுபக்கம் சாய்த்துக்கொண்டாள். வெள்ளவத்தை வரும்வரை, நெரிசலில் எவ்வளவு தள்ளப்பட்டபோதும், அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை. வெளிநாட்டுப் பெண்ணின் பொட்டலத்தைக் கண்டு அருவருப்பு என்று நினைத்தேன். குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியும் வைத்தேன்.

இளங்கோ சார் காலி நகருக்குப் போகும் பெரிய வீதியில் நின்று என்னை இறக்கிக்கொண்டார். கடலுக்குப் போகும் சந்து ஒன்றின் முனையில் சாக்கைப் பிரித்து, கல்லைக் கையில் ஏந்திப் பார்த்தார். அவர் முகம் அந்தப் பயணத்தில் மலர்ந்தது அப்போது ஒருமுறைதான்.

"விளிம்பு பாருங்க, உடையவே இல்ல. நல்ல மண்ணு. கட்டடத்தோட நீளப்பக்கம் வடக்கு தெற்கு பாத்து நிக்கும், மேல ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவுல காத்து போக இடைவெளி. வராந்தா ஓரமா முழுக்க இதே மண்ணுல நீளமா ஒரு இருக்கை. புள்ளைங்க சாஞ்சு உட்காந்து படிக்கலாம். பூச்சே வேணாம். இந்த நிறத்துக்கு மேல என்னத்தப் பூசறது?"

"தாய்மார் பூச்சுக் கேட்டிருந்தார்கள்," என்றேன்.

"நீங்கதான எழுதியிருந்தீங்க. டவுன் ஸ்கூல் மாதிரி இருக்கணும்னு ஆசை. தப்பில்ல. ஆனா நாம கொஞ்சம் எடுத்துச் சொல்லணும். நாளைக்கு அதுக்குன்னே நாலு படம் வச்சிருக்கேன்."

அவர் கல்லை எனக்கே திருப்பித் தந்தார். நண்பர் வீட்டில் வெள்ளைத் தரையாம். கூட்டத்துக்கு நானே கொண்டு வந்துவிட வேண்டும். மழை தூறியது. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒன்றே கால் மணி நேரம் கல்லை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றேன். கொட்டாஞ்சேனை பேராலயத்தின் கோபுரம் தெரிந்தபோது அழுகை வரும்போல இருந்தது. அதற்குக் காரணம் களைப்பு மட்டும்தான்.

அன்ரி கதவைத் திறந்தவுடன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சல்வாரைப் பார்த்தார்.

"ஐயோ மகள். மண்ணிலயா புரண்டீங்க?"

மடியிலும் இடுப்பிலும் செங்காவி நிறத்தில் பெரிய திட்டுகள். சாக்கு நனைந்து, கல்லின் நிறத்தைத் துணிக்குக் கொடுத்திருந்தது. மணி நான்கு. குழாயில் தண்ணீர் இல்லை. அன்ரி சமையலுக்கு வைத்திருந்த வாளியிலிருந்து இரண்டு செம்பு தந்தார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். திட்டு பரவி, நிறம் இளகி, முன்பைவிடப் பெரிதாகியது.

"தேய்க்காதீங்க. தேய்ச்சா உள்ள போகும். ஊற வச்சு, ரெண்டு தண்ணி மாத்தி, பிறகு எலுமிச்சம்புளி போட்டு வெயில்ல விரிக்கணும். என்ட மகள் ஸ்கூல் போன காலத்தில நான் செய்யாத வேலையா? இப்ப தண்ணிக்கு எங்க போறது?"

நான் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். இதே சொற்களை ஏற்கெனவே கேட்டிருந்தேன். தேய்ச்சா உள்ளுக்குப் போகும். ரெண்டு தண்ணி. வெயில். வேறு ஒரு பெண்ணின் குரலில், வேறு ஒரு நாளில், மதுரையில் என் விடுதி அறையில், காதில் ஹெட்போனுடன், சலிப்புடன் கேட்டிருந்தேன்.

கணினியைத் திறந்தேன். என் சுருக்கத்தின் பதினான்காம் பக்கத்தில் அது இருந்தது: "[வீட்டு வேலைகள் பற்றிய பொதுப் பேச்சு. திட்டத்தோடு தொடர்பில்லை. 40 நிமிடம்.]" அதற்கு அடுத்த வரி: "பெற்றோர் பூச்சுள்ள சுவரையே விரும்புகின்றனர். அதை நகரப் பள்ளியின் அடையாளமாகக் கருதுவதாகத் தெரிகிறது."

பள்ளிக்கூடத்தில் சுருக்கி வரைதலில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண். கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும். கூறியது கூறலையும் எடுத்துக்காட்டுகளையும் நீக்க வேண்டும். இளங்கோ சார் பத்துப் பக்கத்துக்குள் கேட்டிருந்தார். நான் பதினாறில் முடித்து, நீண்டுவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தேன்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் என் சீருடை தவிட்டு நிறம். ஐந்து வருடம் மண்ணிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அழுக்கு தெரிந்ததே இல்லை. இளங்கோ சார் பள்ளிகள் கட்டிக் கொடுத்த ஊர்களிலும் பிள்ளைகள் பச்சையோ தவிட்டு நிறமோ அணிகிறார்கள். இந்த நாடு முழுவதும் பிள்ளைகள் வெள்ளை உடுத்திப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதை அவர் பார்க்காமல் இல்லை. நானும் அன்றுதான் பஸ்ஸில் பார்த்தேன். பார்த்துவிட்டு, அந்தச் சிறுமிக்கு அருவருப்பு என்று எழுதி வைத்தேன். குறிப்பேட்டில் அந்த வரியை அடித்தேன்.

இளங்கோ சாரை அழைக்கக் கைபேசியை மூன்று முறை எடுத்தேன். ஒலிப்பதிவை முழுதும் கேட்காமல் எதைச் சொல்வது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. ஒலிப்பதிவு கைபேசியில் இறங்கி முடிய விடிந்துவிட்டது.

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. அன்ரி என்னைத் தள்ளிவிட்டுத் தானே துவைத்தார். விடிவதற்குள் துணி காயவில்லை. திட்டும் போகவில்லை. சனிக்கிழமை அன்ரியின் மகள் விட்டுச் சென்ற நீலப் பாவாடையில், இரண்டு ஊசி குத்திக்கொண்டு, கல்லுடன் கிளம்பினேன். விமான நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது: பை வேறு நகரத்துக்குப் போய்விட்டது.

கோட்டை நிலையத்திலிருந்து ரயில் பிடித்தேன். தண்டவாளம் கடலை ஒட்டியே போகிறது. சன்னல் வழியே உப்புத் தூவானம் முகத்தில் படும். வேறொரு மனநிலையில் இருந்திருந்தால் இதற்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன். காதில் ஒலிப்பதிவு. இறால் வடை விற்பவர் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்தது நடுவில் ஒரு பகுதி மட்டும். அந்தப் பெண் வேகமாகப் பேசினார், பின்னால் மற்றவர்கள் சிரித்தார்கள், ஒரு குழந்தை அழுதது.

"...சிவப்பு எண்டா சிவப்பு, அது போகவே போகாது. தேய்ச்சா உள்ளுக்குப் போகும். ரெண்டு தண்ணி மாத்த வேணும். வைகாசிக்குப் பிறகு கிணறு அடி தட்டிப் போடும், பவுசர் லொறியில தண்ணி வரும், அது குடிக்கவே காணாது. ரெண்டு சோடி உடுப்பு. ஊத்தைச் சட்டையோட போனா வாசல்ல நிப்பாட்டுவினம். நிப்பாட்டுவினம் எண்டு பிள்ளை போகமாட்டன் எண்டு நிக்கும்..."

வெள்ளவத்தை நிலையம் வந்துவிட்டது.

அலுவலக அறையில் குளிரூட்டி இருந்தது. இளங்கோ சார் அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த அதிபர், அதாவது தலைமையாசிரியர், நாற்காலியில் நிமிர்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மடியில் சாப்பாட்டுப் பொதி.

"வாங்கோ தங்கச்சி. இந்தப் படம் காட்டுறவை எப்ப தொடங்குவினம்?"

முகத்தைப் பார்க்கும் முன்பே யாரென்று தெரிந்துவிட்டது. ரயிலில் காதுக்குள் கேட்ட குரல். பெயர் ஜெயந்தி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். நான் அவரைக் கேட்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய மூத்த மகள் நான்காம் வகுப்பு. தகரக் கொட்டகையில் பதினொரு மணிக்குப் பிறகு தலையிடி என்று அழுவாளாம். சென்ற சித்திரையில் இரண்டு முறை மூக்கிலிருந்து இரத்தம் வந்ததாம். தேநீர் வருவதற்குள் இவ்வளவையும் சொல்லிவிட்டார்.

நிறுவனத்தின் திட்ட அதிகாரி சிங்களப் பெண்மணி. ஆங்கிலத்தில் வரவேற்றார், தமிழ் தெரியாததற்கு வருந்தினார். உடனே கூட்டம் தொடங்கிவிட்டது. இளங்கோ சாரைத் தனியே அழைக்க எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் கல்லைச் சாக்கிலிருந்து எடுத்து மேசைமேல் ஒரு செய்தித்தாளில் நேராக வைத்துக்கொண்டிருந்தேன்.

வாசித்தேன். கூரை, சன்னல், காற்றிடைவெளி, மழைநீர்த் தொட்டி, நிழலுக்கு வேம்பு. வாக்கியங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றும் எழுவாயில் தொடங்கிப் பயனிலையில் தவறாமல் முடிந்தது. பதினோராம் பத்திக்கு வந்தேன்: "பூச்சுள்ள சுவர் நகரத்தின் அடையாளம் என்னும் எண்ணம் பெற்றோரிடையே நிலவுகிறது. ஆயினும் மண்ணின் இயல்பான நிறமும் ஓர் அழகே."

ஜெயந்தி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை நீட்டி மேசைமேலிருந்த கல்லைச் சுட்டுவிரலால் ஒருமுறை தடவினார், விரலைப் பார்த்தார், சேலைத் தலைப்பில் துடைக்கப் போனவர், துடைக்காமல் செய்தித்தாளின் ஓரத்தில் துடைத்தார்.

நான்கு படங்களையும் காட்டி முடித்து, "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் இளங்கோ சார்.

"இல்லை ஐயா. நாங்கள் கதைக்க வேண்டியதை அண்டைக்கே கதைச்சிட்டம். கேட்டுப்போட்டுத்தானே இப்பிடி முடிவெடுத்திருக்கிறியள். எங்க கையெழுத்து?"

அதிபர் விழித்துக்கொண்டு பேனாவை நீட்டினார். திட்ட அதிகாரி படிவத்தைத் தள்ளி வைத்தார்.

"போடாதீர்கள்," என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 

"அக்கா, அன்று நீங்கள் சட்டை தோய்ப்பது பற்றி நாற்பது நிமிடம் பேசினீர்கள். நான் அதை எழுதவில்லை. சாருக்கு அது போய்ச் சேரவே இல்லை. அவர் கேட்டு முடிவெடுக்கவில்லை. நான்தான் விட்டுவிட்டேன்."

ஜெயந்தி பேனாவை வைத்தார்.

"எழுதேல்லையோ? அப்ப என்னெண்டு எழுதினனீங்கள்?"

"வீட்டு வேலைகள் பற்றிய பொதுப் பேச்சு."

அவர் அதிபரைப் பார்த்தார். அதிபர் கூரையைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன படிக்கிறியள் தங்கச்சி?"

"இலக்கியம்."

"அதுதான்," என்றார் ஜெயந்தி. சிரித்தார். அந்தச் சிரிப்பில் பகை இல்லை; அதனால் அதைத் தாங்குவது கடினமாக இருந்தது. "நானும் யோசிச்சனான். இவ்வளவும் சொல்லியும், மண் நிறம் வடிவு எண்டு படம் போட்டுக் காட்டுகினம், எங்களை என்ன விசர் எண்டு நினைச்சினமோ எண்டு."

நான் திட்ட அதிகாரிக்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், என் பிழை உட்பட. அதன்பின் ஜெயந்தி பேசினார், நான் எதையும் விடாமல் மொழிபெயர்த்தேன். வெள்ளைச் சட்டை, கிணறு, பவுசர், வாசலில் நிறுத்துவது. "வெக்கைக்குப் பள்ளிக்கூடம் வேணும் ஐயா. எங்களுக்கு அது விளங்காமல் இல்லை. இண்டைக்கு இந்தத் தங்கச்சி தடுக்காட்டி நான் போட்டிருப்பன். தோய்க்கிறது எங்கட பாடு எண்டு விட்டிருப்பன். ஆனால் ஆவணி, புரட்டாதியில தோய்க்கவே ஏலாது. அப்ப பிள்ளையள் வராதுகள். குளிர்ந்த பள்ளிக்கூடம் சும்மா கிடக்கும்."

இளங்கோ சார் கல்லைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நான் குறிப்பேட்டை மூடிவைத்தேன்.

"நான் வெள்ளச் சட்டையைப் பாத்துக்கிட்டேதான இருந்திருக்கேன்," என்றார், யாரிடமும் இல்லாமல். "மூணு தடவை அந்த ஊருக்குப் போயிருக்கேன்." பிறகு ஜெயந்தியிடம்: "எவ்வளவு உயரத்துக்குப் பூசணும்மா?"

"சாயிற உயரத்துக்குக் காணும். மேல உங்கட வடிவை விடுங்கோ."

"எந்த வகுப்புப் பிள்ளை சாயிற உயரம்?"

ஜெயந்தி எழுந்து நின்றார். கண்ணை மூடி ஒரு கணம் நினைத்துப் பார்த்து, தன் மார்புக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைக் கிடையாக வைத்தார். "ஐஞ்சாம் வகுப்பில உயர்ந்தது எங்கட சுகந்தியின்ர மகன். அவன்ர தோள் இதில வரும்."

இளங்கோ சார் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, மண்டியிட்டு, தரையிலிருந்து அந்தக் கை வரை அளந்தார். கை அசையாமல் இருந்தது. திட்ட அதிகாரி கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுண்ணாம்புப் பூச்சு என்றால் சுவர் மூச்சு விடும், குளிர்ச்சி குறையாது என்று படத்தில் ஒரு கோடு இழுத்தார். பிறகு பென்சில் வராந்தாவுக்குப் போய் நின்றது. அந்த நீள மண் இருக்கை. பிள்ளைகள் சாய்ந்து உட்கார்ந்து படிப்பதற்காக அவர் வரைந்தது; உட்கார்ந்து தேய்க்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. ஒரு நிமிடம் பார்த்தார். குறுக்கே அடித்தார். அவர் அலுவலகத்தில் அந்த இருக்கையின் சிறு மாதிரி ஒன்று மேசைமேல் இருக்கிறது. பென்சில்களை அதன்மீதுதான் சாய்த்து வைப்பார்.

முடிவு இப்படி ஆயிற்று: அன்று கையெழுத்து இல்லை. இளங்கோ சார் ஞாயிறு முழுதும் திருத்திய படத்தை வரைவார். நான் விளக்கத்தைத் திருத்துவேன். இரண்டும் மின்னஞ்சலில் ஊருக்குப் போய், அதிபரும் ஜெயந்தியும் வாசித்துக் கையெழுத்திட்டுத் திங்கள் நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். திங்களைத் தள்ளிவைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் திட்ட அதிகாரி. நேரம் போதுமா என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டுப் பொதியை ஜெயந்தி அங்கேயே பிரித்தார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். மூன்று நாளில் பாண் அல்லாத முதல் உணவு, வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். இளங்கோ சார் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"தேன்மொழி, அடைப்புக்குறி வேற எத்தனை இடத்துல போட்டிருக்கீங்க?"

"ஏழு."

"ஏழா?"

"ஓம், ஏழு," என்றார் ஜெயந்தி எனக்குப் பதிலாக. "அதுகளில என்னென்ன கிடக்கோ. அந்த மழைத்தண்ணித் தொட்டி பற்றியும் மணியக்கா கனக்கக் கதைச்சவ. அதையும் தேடிப் பாருங்கோ தங்கச்சி."

அவர்களை மாலையில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜெயந்தி கல்லைத் திரும்பக் கேட்டார்; அடுப்படியில் முட்டுக்கொடுக்க உதவுமாம். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைக்கவில்லை, காலடியில் வைத்தார்.

மறுநாள் ஞாயிறு, காலை ஐந்தரைக்குக் குழாய் இருமித் தண்ணீர் வந்தது. அன்ரியின் வாளிகளையும் குடங்களையும் நிரப்பினேன். சல்வாரை மூன்றாம் தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் விரித்தேன். திட்டு மங்கியிருந்தது, போகவில்லை. அன்ரி முதல் பூசைக்குப் புறப்பட்டுவிட்டார். பால் தேநீரும் ஒரு துண்டுப் பாணும் மேசைமேல் மூடி வைத்திருந்தார். பதினான்காம் பக்கத்தைத் திறந்து, அடைப்புக்குறியையும் அதற்குள் இருந்ததையும் அழித்தேன். ஒலிப்பதிவை அதன் தொடக்கத்துக்கு நகர்த்தி, இரண்டு முறை கேட்டுவிட்டு, சொன்னபடியே எழுதினேன்:

ஜெயந்தி: கட்டடம் கிடக்கட்டும். முதல்ல பிள்ளையளின்ர சட்டையில இருந்து தொடங்குவம், என்ன?